மண்டபத்தில் ஒரு தாழ்வாரம்: தூதர்கள் தங்கிய கடலோர விடுதி

விடுதியின் பெயரைச் சொல்லாமல் அதற்கு மதிப்புரை எழுதுவது முறையா என்று சில நாள் யோசித்த பிறகே இதை எழுதுகிறேன். சென்ற மே மாதம் அங்கே இரண்டு நாள் நடந்த ஒரு சந்திப்புக்கு நான் மொழிபெயர்ப்பாளராகப் போயிருந்தேன். இந்தியப் பெருங்கடலைச் சுற்றியுள்ள சில நாடுகளின் ஓய்வுபெற்ற தூதர்களும், பணியில் இருந்தாலும் சொந்தப் பொறுப்பில் வந்திருந்த இரண்டு மூன்று வெளியுறவு அதிகாரிகளும், கடற்படையிலும் கடலோரக் காவல் படையிலும் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களும் சேர்ந்து வட்டாரப் பாதுகாப்பைப் பற்றி முறைசாரா உரையாடல் நடத்தினார்கள். பேச்சு முழுவதும் சாத்தம் ஹவுஸ் விதிக்கு உட்பட்டது. லண்டனில் 1927இல் வகுக்கப்பட்ட அந்த விதி, கூட்டத்தில் கேட்டதை வெளியே பயன்படுத்திக்கொள்ள அனுமதிக்கிறது. ஆனால் அதைச் சொன்னவர் யார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பதை வெளியிடக் கூடாது என்கிறது. ஏற்பாட்டாளர்கள் ஒரு படி மேலே போய் இடத்தின் பெயரையும் அதில் சேர்த்துவிட்டார்கள். மீன் குழம்பையும் மின்விசிறியையும் மெல்லிய சுவரையும் அந்த விதி கட்டுப்படுத்தாது என்பதால் அவற்றைப் பற்றித் தாராளமாக எழுதுகிறேன். இப்படிப்பட்ட சிறு சந்திப்புகளுக்கு இராமநாதபுரம் கடற்கரையில் இடம் தேடுகிறவர்களுக்கு இது உதவும்.

விடுதி மண்டபம் என்ற ஊருக்கு மேற்கே, பாக் நீரிணைப் பக்கமாக வடக்கு நோக்கி இருக்கிறது. இந்தத் திசை முக்கியம். இராமேசுவரம் வட்டாரத்தில் வடபுறக் கடலைப் பெண்கடல் என்றும், தென்புறத்து மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். மே மாதத்தில் தென்மேற்குக் காற்று எழும்பி ஆண்கடல் கொந்தளிக்கும்போது பெண்கடல் குளத்துநீர்போல் கிடக்கும். வாடைக்காற்று வீசும் மார்கழியில் நிலைமை தலைகீழாகும். அதனால் கோடையில் இந்த விடுதியைத் தேர்ந்தெடுத்தவர் விவரம் தெரிந்தவர் என்று முதல் பார்வையிலேயே எனக்குப் பட்டது. மழைக்காலத்தில் இதே தாழ்வாரத்தில் உட்கார்ந்தால் காகிதம் எதுவும் மேசையில் தங்காது.

மே மாதத்துக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அது. விசைப்படகுகள் எல்லாம் கரையோரத்தில் வரிசையாக நங்கூரமிட்டு நிற்க, கரையில் வலை சீரமைப்பும் மரவேலையும் நடந்துகொண்டிருந்தன. பாக் நீரிணையில் இந்திய, இலங்கை மீனவர்களுக்கு இடையே உள்ள தகராற்றைக் கோப்பில் மட்டுமே படித்தவர்களுக்கு, அந்தத் தகராற்றின் ஒரு தரப்பு முழுவதும் கண்ணெதிரே மிதந்துகொண்டிருந்தது. அவ்வப்போது உச்சிப்புளிக் கடற்படை வானூர்தித் தளமான ஐ.என்.எஸ். பருந்துவிலிருந்து எழும்பிய ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போனபோது எல்லாரும் பேச்சை நிறுத்திக்கொண்டு மேலே பார்த்தார்கள். இந்தக் காட்சிக்கு விடுதி தனியாக எதையும் வசூலிக்கவில்லை.

வரவேற்பைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. செய்தியாளர்களுக்குக்கூடத் தெரியாமல் நடக்க வேண்டிய சந்திப்புக்கு, விடுதி வாசலில் பதினைந்தடி ஃபிளெக்ஸ் பலகை ஒன்றை வைத்து, வருகிறவர்களை ‘வருக வருக’ என்று நாடு வாரியாக வரவேற்றிருந்தார்கள். நம் ஊரில் மஞ்சள் நீராட்டுக்கே ஃபிளெக்ஸ் வைக்கும்போது தூதர்களுக்கு வைக்காமல் இருப்பது மரியாதைக் குறைவு என்று மேலாளர் உண்மையாகவே நம்பியிருந்தார். அதை அவிழ்த்து மடித்து வைக்க மாலை ஆகிவிட்டது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டிய விவரப் படிவத்தை நிரப்புவதற்காக, வந்திறங்கியவர்களின் கடவுச்சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் தட்டில் அடுக்கி வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டச்சு செய்த இளைஞர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். மதுரை விமான நிலையத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் பயணம் செய்து வந்தவர்களை இப்படி நிற்கவைத்தது தவறு. விவரங்களை முன்கூட்டியே மின்னஞ்சலில் வாங்கியிருக்கலாம்.

கூட்ட அரங்குதான் இந்த விடுதியின் பெரிய குறை. அதைச் சொல்வதற்கு முன், இவ்வகை உரையாடலுக்கு இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லியாக வேண்டும். அரசுகள் நேரடியாகப் பேசுவதை முதல் தடம் என்றும், பதவியில் இல்லாதவர்கள் பேசிப் பார்ப்பதை இரண்டாம் தடம் என்றும் சொல்கிறார்கள். இரண்டாம் தடம் என்ற சொல்லை 1981இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜோசப் மான்ட்வில் என்ற அமெரிக்க வெளியுறவு அதிகாரி. பதவியில் இருப்பவர்களும் தனிப்பட்ட முறையில் வந்து கலந்துகொண்டால் அதற்கு ஒன்றரைத் தடம் என்று பெயர். இந்தப் பேச்சுகளில் யாரும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, கையெழுத்திட வேண்டியதில்லை. ஒரு யோசனையைச் சொல்லிப் பார்த்துவிட்டு, எதிரிலிருப்பவர் முகம் சுளித்தால் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அந்தச் சுதந்திரம் மேடையிலும் ஒலிபெருக்கியிலும் கிடைக்காது. ஒன்றாகச் சாப்பிட்டு ஒரே கூரையின் கீழ் உறங்கும்போதுதான் கிடைக்கும். 1991இல் தொடங்கிய இந்திய–பாகிஸ்தான் முறைசாராப் பேச்சுக்கு, அது முதலில் கூடிய ராஜஸ்தான் கோட்டையின் பெயராலேயே நீம்ரானா உரையாடல் என்று பெயர் நிலைத்துவிட்டது. இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் 1993இல் நார்வேயில் இரகசியமாகச் சந்தித்த இடங்களில் ஒன்று சார்ப்ஸ்போர்க் நகரத்துக்கு அருகிலுள்ள பழைய மாளிகை. அங்கே இரு தரப்பையும் ஒரே வீட்டில் தங்கவைத்து ஒரே மேசையில் உணவருந்தவைத்தார்கள். தென்சீனக் கடல் பற்றி இந்தோனேசியா 1990இல் பாலித் தீவில் தொடங்கிய பட்டறைகளும் இந்த வகையைச் சேர்ந்தவைதான்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் விடுதியின் அரங்கு கல்யாண வரவேற்புக்குத்தான் சரியாக இருக்கும். ஒரு முனையில் மேடை, அதில் குத்துவிளக்கு, பின்னால் வெல்வெட் திரை. முறைசாராக் கூட்டம் என்று அழைப்பில் அச்சிட்டுவிட்டு, பொன்னாடை போர்த்துவதிலும் நினைவுப்பரிசு வழங்குவதிலும் முதல் நாற்பது நிமிடத்தைக் கழித்தது ஏற்பாட்டாளர்களின் பிழை. அதற்கு விடுதி பொறுப்பல்ல. ஆனால் மேசைகளை ஒன்றோடொன்று பிணைத்து யு வடிவத்தில் அசைக்க முடியாதபடி போட்டிருந்ததும், ஒவ்வொருவர் முன்னும் சிறு கொடியும் ஒலிவாங்கியும் வைத்ததும் விடுதியின் வேலை. கொடிக்குப் பின்னால் உட்கார்ந்த மனிதர் உடனே அரசாங்கமாகிவிடுகிறார். முதல் நாள் காலையில் நான் மொழிபெயர்த்தவை பெரும்பாலும் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த அறிக்கை வாசகங்கள். தரையில் கம்பளம் இல்லாததால் எதிரொலி வேறு. மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடியபோது விளக்கும் ஒலிபெருக்கியும் வேலை செய்தன, குளிர்சாதனம் செய்யவில்லை. மே மாதத்து மண்டபத்தில் கோட்டு அணிந்த பதினெட்டுப் பேர் அடைத்த அறையில் என்ன ஆவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வெக்கைதான் கூட்டத்தைக் காப்பாற்றியது. பதினொன்றரை மணிக்கு ஒருவர் கோட்டைக் கழற்றிக்கொண்டு வெளியே போனார், இன்னொருவர் பின்தொடர்ந்தார், அரை மணி நேரத்தில் அனைவரும் வடக்குத் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டார்கள். ஓட்டுக்கூரை வேய்ந்த நீண்ட தாழ்வாரம் அது. மரத்தூண்கள், சாய்வு நாற்காலிகள், முழங்கால் உயரத்தில் அகலமான கட்டைச்சுவர், அதற்கப்பால் பனைகளும் கடலும். சாய்வு நாற்காலியை எந்தப் பக்கமும் திருப்பிப் போடலாம் என்பது சாதாரண விஷயமாகத் தோன்றலாம். காலையில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தவர்கள் இங்கே ஒரே திசையில் கடலைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசும்போது சங்கடமான செய்தியும் எளிதாக வெளியே வருகிறது. இந்தத் தாழ்வாரத்துக்காக மட்டுமே விடுதிக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

தாழ்வாரத்தைக் கவனித்துக்கொண்டவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பணியாளர். நான் அவரை ‘அண்ணே’ என்று கூப்பிட்டேன், விருந்தினர்களும் இரண்டாம் நாள் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்கள். தேநீர்த் தட்டோடு வருபவர், இருவர் குரலைத் தாழ்த்திப் பேசுவதைக் கண்டால் தூணுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுவார். பேச்சு தளர்ந்ததும் வருவார். விடுதிப் பயிற்சிப் பள்ளியில் இதைச் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை.

சமையல் கீழக்கரைக்காரர் கையில் இருந்தது. விசைப்படகு ஓடாத காலம் என்பதால் நாட்டுப்படகில் வந்த மீன்தான். அதனால் ஒரு குறையும் இல்லை, சுவை கூடியே இருந்தது. முதல் மதியம் சீலா மீன் குழம்பில் நம் முண்டு மிளகாயை ஊருக்குப் போடுகிற அளவிலேயே போட்டுவிட்டார். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மிளகாயின் காரம், குண்டான உருவத்தைப் பார்த்து ஏமாந்தவர்களை அரை மணி நேரம் பேச்சற்றவர்களாக்கியது. இரவிலிருந்து இரண்டு பானை வைத்தார்: ஒன்று விருந்தினர்க்கு, ஒன்று எங்களுக்கு. கணவாய் வறுவலும் தேங்காய்ப்பால் சொதியும் குறை சொல்ல இடமில்லாதவை. இரண்டாம் நாள் காலை கீழக்கரைத் தொதல் வந்தபோது, இலங்கையிலிருந்து வந்திருந்தவர்கள் அது தங்கள் நாட்டுப் பண்டம் என்றார்கள். மலாய் மொழி அறிந்த ஒருவர் பெயரே அங்கிருந்து வந்ததுதான் என்றார். கப்பலோடிய மரைக்காயர்கள் எதை எங்கே கொண்டுபோனார்கள், எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்பதைப் பற்றி இருபது நிமிடம் வாதம் நடந்தது. இரண்டு நாளில் எல்லாத் தரப்பும் தயாரிப்பின்றிப் பேசிய முதல் அமர்வு அதுதான்.

மொழிபெயர்ப்பு வசதியைப் பற்றித் தொழில்காரன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தனி அறையோ ஹெட்போனோ கிடையாது. பெரும்பாலான பேச்சு ஆங்கிலத்தில் நடந்ததால் முதல் நாள் சமாளித்தோம். இரண்டாம் நாள் பிற்பகல் மீனவர் பிரதிநிதிகள் இருவர் அழைக்கப்பட்டிருந்தார்கள். ஒருவர் விசைப்படகுத் தரப்பு, மற்றவர் நாட்டுப்படகுத் தரப்பு. நான் இடையில் உட்கார்ந்து காதோரம் மொழிபெயர்த்தேன். நிகழ்ச்சி நிரலோ, கொழும்பு பாதுகாப்பு மாநாட்டின் ஐந்து தலைப்புகளை அப்படியே எடுத்து வைத்திருந்தது. இந்தியா, இலங்கை, மாலத்தீவு ஆகிய நாடுகளின் பாதுகாப்பு ஆலோசகர்கள் 2011இல் தொடங்கி, 2020இல் விரிவடைந்து, 2024 ஆகஸ்ட் 30 அன்று சாசனம் பெற்ற அந்த அரசுமுறை அமைப்பின் முதல் தலைப்பிலேயே சேஃப்டி, செக்யூரிட்டி என்ற இரண்டு சொற்களும் அடுத்தடுத்து வருகின்றன. தமிழில் இரண்டும் பாதுகாப்புதான். ‘கடல்சார் பாதுகாப்பும் பாதுகாப்பும்’ என்று சொல்லிவிட்டு நான் விழித்தேன். தூதர்கள் அந்தச் சொல்லைச் சொன்னபோது அவர்கள் மனத்தில் இருந்தவை ஆயுதக் கடத்தலும் போதைப்பொருளும் அந்நியக் கப்பலும். மீனவர்கள் அதே சொல்லைக் கேட்டபோது நினைத்தது போன படகு ஆளோடு திரும்புவது. பத்து நிமிடம் இரு தரப்பும் ஒத்துப்போவதாகவே தோன்றியது. பிறகுதான் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்பது புரிந்தது. தூதர்கள் சொன்னதைக் கடல் காவல் என்றும் மீனவர்கள் நினைத்ததை உயிர்ப் பாதுகாப்பு என்றும் பிரித்துச் சொல்லத் தொடங்கினேன். அதன் பின் பேச்சு திருந்தியது.

எல்லை என்ற சொல்லும் இடித்தது. 1974 இந்திய–இலங்கை உடன்பாட்டின் 5ஆம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்ரிகர்களும் பயண ஆவணமோ விசாவோ இன்றிக் கச்சத்தீவுக்குச் சென்றுவரலாம் என்கிறது. 1976இல் இரு வெளியுறவுச் செயலர்களும் பரிமாறிக்கொண்ட கடிதமோ, இந்தியப் படகுகள் இலங்கைக் கடற்பகுதியில் மீன் பிடிக்காது என்கிறது. கரையில் இருப்பவர் முதல் வரியை நினைவில் வைத்திருக்கிறார், கோப்பு வைத்திருப்பவர் இரண்டாவதை. கடலடியை வாரும் இழுவைமடி வலையை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்ததும், 2016 நவம்பரில் அமைந்த கூட்டுப் பணிக்குழுவும், அதற்கு முன் 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் இரு கரை மீனவர்கள் நேரடியாகப் பேசியதும் அடுத்தடுத்து விவாதத்தில் வந்தன. ஆனால் விருந்தினர்கள் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டு கேட்டது வேறொன்றை. விசைப்படகுகளுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுகளுக்கு 4 நாள் என்று இந்தக் கரையில் இருக்கும் முறை அது. வலை அறுபட்டு அடிதடியில் முடிந்த மோதல்களைத் தவிர்க்க வந்த ஏற்பாடு. ஒரே கடலைக் கிழமையால் பங்கிட்டுக்கொள்ளலாம் என்ற யோசனை, கோடு போட்டுப் பங்கிட்டே பழகியவர்களுக்குப் புதிதாக இருந்தது. அதைப் பற்றி ஒருவர் தலைப்பும் கையெழுத்தும் இல்லாத ஒரு பக்கக் குறிப்பு எழுதினார். தூதர்கள் வழக்கில் அதற்கு ‘நான்-பேப்பர்’ என்று பெயர். கையில் இருக்கும் காகிதத்தைக் காகிதமே இல்லை என்று சொல்ல அந்தத் தொழிலில்தான் முடியும். விடுதியின் நகலெடுக்கும் இயந்திரம் பழுதாகியிருந்ததால் அது ஒரே பிரதியாகக் கைமாறியது. இரகசியத்துக்கு நல்லதுதான், இருந்தாலும் இயந்திரத்தைச் சரிசெய்யுங்கள்.

மீனவர்களுக்கு ஒதுக்கிய நேரம் ஒன்றேகால் மணி. இரண்டு நாள் நிரலில் அது போதாது. ஐந்து தலைப்புகளில் ஒன்றிலும் மீனவர் என்ற சொல் இல்லை என்பதை ஒருவர் சுட்டிக்காட்டியபோது பதில் வரவில்லை.

அறைகள் சுத்தமாக இருந்தன. குளிக்கும் நீர் உப்பு, அது இந்தக் கரையின் இயல்பு. குடிநீர்ப் புட்டிகளைக் கேட்காமலே வைத்தார்கள். மாடிக்கு மின்தூக்கி இல்லாதபோது எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு மாடி அறைகளைக் கொடுத்தது சரியல்ல. அதைவிடப் பெரிய சிக்கல் சுவர்கள். பழைய கூடங்களைப் பலகைத் தடுப்பால் இரண்டாகப் பிரித்து அறைகளாக்கியிருக்கிறார்கள். அடுத்த அறையில் ஒருவர் தம் தலைநகரத்தோடு தொலைபேசியில் பேசியது எனக்கு ஏறக்குறைய முழுவதும் கேட்டது. மொழிபெயர்ப்பாளனுக்கு எந்த மொழி புரியும் என்று பக்கத்து அறைக்காரருக்குத் தெரியாது. நான் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டேன். சுற்றுலாவுக்கு வருகிறவர்களுக்கு இது பொருட்டில்லை. பேச்சுக்காகவே கூடுகிற கூட்டத்துக்கு இது பெரிய ஓட்டை. இணையத்தின் கடவுச்சொல்லைச் சாப்பாட்டு அறைக் கரும்பலகையில் அன்றைய பலகாரப் பட்டியலுக்குக் கீழே எழுதி வைத்திருந்தார்கள். இணையப் பாதுகாப்பும் ஐந்து தலைப்புகளில் ஒன்று என்பதை நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் மாலை விடுதி ஏற்பாடு செய்த தனுஷ்கோடிப் பயணத்தைத் தவறவிட வேண்டாம். ஓட்டுநர்கள் நிதானமானவர்கள். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் இரயில் பாலத்துக்கு இணையாகச் சாலைப் பாலத்தில் போகும்போது வேகத்தைக் குறைத்தார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த ஊரின் மிச்சங்களைக் கடந்து அரிச்சல்முனையில் இறங்கியதும், ஒருவரின் கைப்பேசிக்கு இலங்கை வலைப்பின்னலின் வரவேற்புச் செய்தி வந்துவிட்டது. திரும்பும் வழியில் மண்டபம் முகாமைத் தாண்டியபோது கேள்விகள் கிளம்பின: இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை ஒரு காலத்தில் நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்த இடம், பின்னாளில் அந்தக் கரையிலிருந்து தப்பி வந்தவர்களின் முகாமாயிற்று. 2021 முதல் அரசுப் பதிவில் அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர். வண்டியில் அதற்குப் பிறகு அதிகம் பேச்சில்லை.

இருபது பேருக்குள் அடங்கும் சந்திப்பு, கோடைக்காலம், பேச்சு கேட்காத தூரத்தில் அறைகளை ஒதுக்கித் தர மேலாளர் சம்மதிப்பது ஆகிய மூன்றும் அமைந்தால் இந்த விடுதியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தரைத்தளத்தின் கிழக்குக்கோடி அறைகள் இரண்டும் கல்சுவர் கொண்டவை, அவற்றைக் கேட்டு வாங்குங்கள். ஹெட்போன்களை மதுரையிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்துவிடுங்கள். ஃபிளெக்ஸ் வேண்டாம் என்பதை எழுத்தில் கொடுங்கள்.

கணக்கு முடிக்கும்போது, இரண்டு நாள் அரங்கு வாடகை முழுவதுமாகப் பட்டியலில் இருந்தது. ஒரு நாள் காலை மட்டுமே அதில் உட்கார்ந்தோம், மற்ற நேரமெல்லாம் தாழ்வாரத்தில்தான் இருந்தோம் என்று ஏற்பாட்டாளர் சொல்லிப் பார்த்தார். தாழ்வாரத்துக்கு நாங்கள் ஒரு பைசாகூடப் போடவில்லையே என்றார் மேலாளர். அடுத்த முறை அரங்கே வேண்டாம், தாழ்வாரம் மட்டும் போதும் என்றால் எவ்வளவு என்று கேட்டதற்கு, அதே தொகைதான் என்று பதில் வந்தது.